ஓர் ஓடு குறைவு

கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறவரின் முதல் வேலை, உயர்தரப் பரீட்சையில் அப்படியொரு பாடம் இருக்கிறது என்று நம்பவைப்பது. ஆள் சேராத பாடத்தைச் சுமந்துகொண்டு, டியூஷன் எடுக்க டியூட்டரி டியூட்டரியாகத் திரிகிற சக ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சனி மட்டும்

வெள்ளவத்தையில் ஒட்டிய நோட்டீசில் அச்சுக்கடைக்காரர் 'கிரேக்க'வைக் 'கிரக' ஆக்கிவிட்டார். 'கிரக நாகரிகம், சனி மட்டும்.' அன்று பின்னேரமே ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். நான் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்று கால் மணித்தியாலம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி பிள்ளை. சனி மட்டும் பார்த்தால் காணும். மகனுக்குச் செவ்வாயால ஒரு கரைச்சலும் இல்லை."

ஏதென்சில் யார்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை வகுப்பில் ஐந்து பேர். ஒருவர் குறைந்தாலும் அறையைக் கணக்கியல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாக டியூட்டரிக்காரர் சொல்லியிருந்தார். ஐவரில் கெட்டிக்காரி நுஸ்ரா. மாளிகாவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பா ஒருநாள் வந்து, மாத முடிவில் மகளைக் கணக்கியலுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். நுஸ்ரா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஏன் என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"டுபாய்ல மச்சான் ஈக்கிறான். லண்டன்ல மாமாட மகன் ஈக்கிறான். ஏதென்ஸ்ல எங்களுக்கு யாரு மிஸ் ஈக்கிறா?"

ஓடு

ஏதென்ஸ் மக்கள் ஒரு தலைவரின் கை ஓங்குகிறது என்று பயந்தால், உடைந்த ஓட்டில் அவர் பெயரை எழுதிப் போடுவார்கள். அதிகமான ஓடு விழுந்தவர் பத்து வருடம் நாட்டைவிட்டுப் போகவேண்டும். நுஸ்ரா விடைத்தாளில் எழுதியிருந்தாள்: 'மக்கள் அவருக்கு ஓடு என்று எழுதிக் கொடுத்தனர். அவர் பத்து வருடம் ஓடினார்.' கெட்டிக்காரியே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் 'ஓடு, ஓடு' எண்டு கத்திக் கத்திச் செல்லித் தந்தீங்க?"

வாக்கெடுப்பு

செய்து காட்டினால்தான் சரி என்று, அடுத்த வாரம் உடைந்த கூரை ஓடுகள் கொண்டுவரச் சொன்னேன். நுஸ்ரா வாப்பாவின் கடையிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். பின்னாலேயே வாப்பாவும் வந்தார். யாரை வெளியேற்றலாம் என்று பிள்ளைகள் ஓட்டில் சோக்குக்கட்டியால் எழுதி ஒரு பெட்டியில் போடுவதைப் பார்த்தவர், தானும் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணாடி கொண்டுவரல்ல மிஸ். இந்தப் பாடத்துட பேரை எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். வகுப்பு சிரித்தது. ஏன் என்று அவர் மகளைப் பார்த்தார். நுஸ்ரா எழுந்து சொன்னாள்: எழுதத் தெரியாத ஒருவன் ஒரு தலைவரிடமே, அவர்தான் என்று தெரியாமல், அவர் பெயரை எழுதித் தரச் சொன்னான், அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார், அந்த வாக்கெடுப்பில் வெளியேறியவரும் அவர்தான். இந்த முறை ஒரு பிழையும் இல்லை.

"அவர்ட சொத்துக்கு என்ன நடந்த?" என்றார் வாப்பா.

"ஒருத்தரும் தொடல்ல வாப்பா. திரும்பி வந்து எடுத்துக்கலாம்."

அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் போடவில்லை. சேர்ட் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"இது என்ட கடைச் சாமான் மிஸ். நான் எடுத்துட்டுப் போறன்."

ஏதென்சில் ஒருவரை வெளியேற்ற ஆறாயிரம் ஓடுகள் வேண்டியிருந்தன. கொட்டாஞ்சேனையில் என் வகுப்பு தப்ப, ஒன்று குறைந்ததே போதுமாயிருந்தது.