முந்திச் சொன்ன சாட்சி

தங்கராசா பாஸ்டர் ஜெபிக்க எழும்பினால் கடவுள் கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாங்கேணியில் ஒரு பகிடி உண்டு. "எங்கட சகோதரியச் சுகமாக்கும் ஆண்டவரே" என்பதோடு அவர் விடமாட்டார். சகோதரி எந்த வார்ட், எத்தனையாம் கட்டில், எந்த டொக்டர், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட்டால் எத்தனை மணிக்கு விடவேண்டும் என்பதுவரை சொல்லி முடித்துத்தான் ஆமென் போடுவார். கடைசியில் மட்டும் "உம்முடைய சித்தம்" என்று ஒரு சொல் வரும், கடிதத்தின் அடியில் "இப்படிக்கு" போடுவதுபோல.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிடித்ததை விடாத மனிதர் என்பதால்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. வாவியில் இறால் வலை போட்டவர். சண்டை வாகரைப் பக்கம் வந்து ஷெல் விழுந்த நாட்களில், ஏழு பேர் ஏறக்கூடிய தோணியில் பதினாறு பேரை ஏற்றிக் கம்பு ஊன்றித் தண்ணீரைக் கடந்தவர். "ஒருத்தரும் அசையப்படாது. நான் சொல்லுமட்டும் மூச்சும் விடப்படாது" என்று கத்தினாராம். யாரும் அசையவில்லை. கரை சேர்ந்தார்கள்.

அகதி முகாமில்தான் அவருக்கு ஆண்டவர் கிடைத்தார். ஜெபக் கூட்டத்தில் இருந்து திரும்பி வந்தவர் மனைவி இரத்தினம்மாவிடம், "புள்ள, வாற ஞாயிறு நாம ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுக்கிறம்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். அவளும் போய் முழுகினாள். நாலு வயது மகள் கேதீஸ்வரியின் பேரைத்தான் மாற்ற முடியவில்லை. மாற்றுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது ஷெல் விழுந்த வீட்டோடு போய்விட்டது. அதனால் சிவன் கோயில் பேரோடே பாஸ்டரின் மகள் வளர்ந்தாள்.

ஊர் திரும்பிய பிறகு நிவாரணத் தகரமும் உடைந்த தோணிப் பலகையும் வைத்துத் வீட்டு வளவுக்குள் தன் கையாலேயே சபையைக் கட்டினார். சம்பளமில்லாத ஊழியம். கிழமை நாளில் வலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எந்தப் பாட்டு எத்தனை தரம், யார் எந்த வாங்கில் உட்காருவது, மின்விசிறி எந்த வேகம் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான்.

அந்தச் சபையில் வருடத்தின் முதல் ஞாயிறு, ஒப்புக்கொடுக்கும் ஞாயிறு. தன்னால் ஆகாத காரியம் எதுவோ, அதற்கு அடையாளமாக ஒரு பொருளைக் கொண்டுவந்து பிரசங்க மேசைக்கு முன்னால் விரித்த வெள்ளைச் சீலையில் வைப்பார்கள். கிழிந்த வலைத் துண்டு, கட்டாருக்குப் போகிறவளின் பாஸ்போர்ட், பரீட்சை எழுதப்போகிற பிள்ளையின் அனுமதி அட்டை, வயல் வட்டையில் விதைத்தவரின் ஒரு பிடி நெல். ஆராதனை முடிந்ததும் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் கட்டாருக்குப் போக முடியாதே.

இந்த வருடம் தங்கராசா வைத்தது இரத்தினம்மாவின் கிளினிக் கொப்பி.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று கண்டார்கள். ஆறு தரம் மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டி, நகம் கறுத்து, உடம்பு பாதியானது. மார்கழியில் டொக்டர் ஸ்கான் படத்தைப் பார்த்து, "கட்டி நல்லாச் சுருங்கியிருக்கு. ஆனா மாசம் மாசம் வரோணும், விடப்படாது" என்றார். முதல் பாதிதான் தங்கராசாவின் காதில் விழுந்தது.

சீலையில் வைத்த கொப்பியை எல்லாரும் பார்க்க ஒருதரம் உயர்த்திக் காட்டினார். "எல்லாரும் வச்சத எடுத்திட்டுப் போவீங்க. இத நான் திருப்பி எடுக்கப்போறல்ல! முடிஞ்சிது. என்ட மனுசி சுகமாயிற்றா. இனி ஒரு ஆஸ்பத்திரியும் அவட பேரக் கூப்பிடாது!" தகரம் அதிர அல்லேலூயா எழும்பியது. சபையில் கீபோர்ட் வாசிக்கிற மேசன் சிவதர்ஷன் அதைப் போனில் பிடித்தான். இரத்தினம்மாவைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்ப நோவில்ல" என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

அந்த வீடியோ எங்கெல்லாமோ போனது. கிரானில் இருந்தும் கரடியனாற்றில் இருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். நாற்பது பேர் இருந்த சபை நூறைத் தாண்டியது. வந்தவர்கள் பாஸ்டரின் கையைவிட இரத்தினம்மாவின் கையைத்தான் தலையில் வைக்கக் கேட்டார்கள். அவளும் முன்வாங்கில் பளிச்சென்ற சேலையோடு இருந்து, கூப்பிடக் கூப்பிட எழும்பிக் கை வைத்தாள்.

மாசியில் அவள் பாயில் இருப்பதை விட்டுக் கதிரை கேட்டாள். பங்குனியில் மீனை நின்றுகொண்டே வெட்டினாள். அவர் வாவிக்குப் போன பிறகு தன் துணிகளைத் தனியாகத் துவைத்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து கடைசியில் நாய்க்குப் போட்டாள். தங்கராசா எல்லாவற்றையும் கண்டார். கண்டதை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்தால் வருகிற விடை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

சித்திரை முடிகிற நேரம், ஒரு புதன்கிழமை மத்தியானம். இறாலோடு அவர் வளவுக்குள் வர, ஓட்டமாவடி பதியுதீனும் தன் சின்ன லொறியோடு வந்து நின்றார். இருபது வருடமாகத் தங்கராசாவிடம் இறால் வாங்குகிற வியாபாரி.

"என்ன பாஸ்டர், இறாலுக்கும் ஓதித்தான் விட்டீங்களா? இண்டைக்குப் பெரிசா இரிக்கி!"

பதில் சொல்வதற்குள் குசினிப் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது. கலியாணம் முடித்து வாழைச்சேனையில் இருக்கிற கேதீஸ்வரி, சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்குத் தாயைப் பார்க்க வந்திருந்தாள்.

"அப்பா! சுறுக்கா இஞ்ச வாங்க!"

இரத்தினம்மா தண்ணீர்த் தாங்கியின் நிழலில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயில் துவாய். கடித்த இடம் கிழிந்திருந்தது.

"என்ன புள்ள இது? வெயில் கூடிப்போச்சா?"

"வெயிலா?" கேதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு மாசமா இரத்தம் போகுதாம் அப்பா. ரெண்டு மாசம்! எனக்கே இப்பதான் சொல்றா."

தங்கராசா குந்தினார். "என்னட்ட ஏன் சொல்லல்ல நீ?"

இரத்தினம்மா துவாயை எடுத்தாள். "எப்பிடிச் சொல்ற? நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்களே. நான் படுத்தா உங்கட சாட்சி பொய்யாப் போயிரும்."

"அம்மா வருத்தத்த ஒளிச்சது பிசாசுக்குப் பயந்தில்ல அப்பா" என்றாள் மகள். "உங்களுக்கு."

அவள் எழும்பிச் சபைக்குள் போய், மேசைக்குக் கீழே கிடந்த கிளினிக் கொப்பியை எடுத்து வந்தாள். தங்கராசா தடுக்கவில்லை. பதியுதீன் ஐஸ் பெட்டிகளை ஒன்றுவிடாமல் மண்ணில் இறக்கிவிட்டு, "கதையெல்லாம் மறுகா. பாயப் போட்டு அவவத் தூக்குங்க" என்றார். மீன் நாற்றத்தோடு லொறியில் அவளை மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள்.

பரிசோதனைகள் முடிந்து டொக்டர் கூப்பிட்டபோது மறுநாள் பின்னேரம் ஆகிவிட்டது. டொக்டர் சின்னப் பிள்ளை, மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பரவிவிட்டது, இனி நோவைக் குறைக்கத்தான் மருந்து என்றாள்.

"தை மாசத்தில இருந்து விடாம வந்திருந்தா, பிள்ள?"

"தெரியாது ஐயா. வந்திருந்தாலும் வளந்திருக்கலாம். வளராமலும் இருந்திருக்கலாம். அத இனி ஆராலயும் சொல்லேலாது."

அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். செய்த பிழை எவ்வளவு பெரியது என்பதைக்கூட அவருக்குச் சொல்ல ஆளில்லை. வெளியே தேத்தண்ணிக் கடையில் பதியுதீன் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். முதல்நாள் இறக்கி வைத்த ஐஸ் பெட்டிகளைப் பற்றி அவர் கதைக்கவில்லை.

"கோவிக்காதீங்க பாஸ்டர். நாங்களும் நோயாளிக்குத் துஆக் கேக்கிறதான். இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டு இரிப்பம். நீங்க அவன்ட கையெழுத்தையும் நீங்களே போட்டுட்டீங்க."

"ஓம்" என்றார் தங்கராசா. பிளேன்டீ கையிலேயே ஆறியது.

வெள்ளிக்கிழமை வார்டுக்குச் சிவதர்ஷனும், சபை மூப்பர் கனகசிங்கமும் வந்தார்கள். கனகசிங்கம் கட்டிலோரம் கிடந்த கொப்பியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "வச்சதத் திருப்பி எடுத்திருக்கப்படாது. விசுவாசம் ஆடினாத்தான் வருத்தம் திரும்பி வரும். நாப்பது நாள் சங்கிலி ஜெபம் வைப்பம் பாஸ்டர். நீங்க மட்டும் அசையாதீங்க."

"நூறு பேர் வாறாங்க பாஸ்டர்" என்றான் சிவதர்ஷன். "இப்ப போய் இல்ல எண்டு சொன்னா ஆண்டவர்ட பேரல்லோ கெடும்?"

கண்ணை மூடிக்கிடந்த இரத்தினம்மா கேட்டாள்: "ஆண்டவர்ட பேரா மனே, இவர்ட பேரா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொண்டுவந்த தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஒண்டு கேக்கட்டா?" என்றாள் அவள்.

"கேளு புள்ள."

"என்னச் சுகமாக்கச் சொல்லிக் கேக்கிறத நிப்பாட்டுங்க. நீங்க கேக்கக் கேக்க நான் போகேலாமக் கிடக்கிறன். அண்டைக்குத் தோணியில அசையாத எண்டீங்க, அசையல்ல. மறுகா இவ்வளவு காலமும் அசையல்ல. எனக்குக் களைச்சிட்டு. இனி என்ன விடுங்க."

அவர் அவளுடைய கையைப் பிடித்திருந்தார். அதைச் சொல்கிறாளோ என்று பயந்து விரலைத் தளர்த்தினார். அவருக்குத் தெரிந்த ஒப்புக்கொடுத்தல் எல்லாம், நல்லபடி திரும்பிக் கிடைக்கும் என்று நம்பிக் கொடுப்பது. கிடைக்காது என்று தெரிந்த பிறகும் கொடுக்க அவர் ஒருநாளும் பழகவில்லை. மற்றவர்களுக்குப் பதினைந்து வருடம் அதைப் பிரசங்கித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. தங்கராசா மைக்கை எடுக்காமல் முன்னால் வந்து நின்றார்.

"தை மாசம் நான் ஒரு சாட்சி சொன்னன். அது ஆண்டவர் சொன்னதில்ல. நான் சொன்னது. அவருக்கு முந்தி நான் ஓடிட்டன். இரத்தினம் சாகக் கிடக்கா." வாங்கு வாங்காகப் பார்த்தார். "என்ட கதையக் கேட்டு ஆரும் கிளினிக் போகாம, குளிசை போடாம இருந்தா, நாளைக்கே போங்க. அத ஆண்டவர் உங்களிட்டக் கேக்கல்ல. நான்தான் கேட்டன்."

பின்வாங்கில், காலில் துணி சுற்றியிருந்த கரடியனாற்றுத் தாய் ஒருத்தி எழும்பினாள். "அப்ப சீனி வருத்தத்துக்கு நான் போடுற ஊசி, ஐயா? நான் விட்டு மூணு மாசம்."

தங்கராசா அவளுடைய காலைப் பார்த்தார். "போடுங்கம்மா. இண்டைக்கே போய்ப் போடுங்க."

முதலில் கனகசிங்கம்தான் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு வேனில் வந்தவர்கள். "அப்ப ஏன் எங்கள அலைய வச்ச?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். சிவதர்ஷன் கீபோர்டை மூடினான், ஆனால் போகவில்லை. மிஞ்சியவர்கள் தலையைக் குனிந்து ஜெபத்துக்குக் காத்திருந்தார்கள். தங்கராசா கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். அதற்குப் பிறகு சொல்ல எதுவுமில்லை. வார்ட் இல்லை, கட்டில் இல்லை, கிழமை இல்லை. "உம்முடைய சித்தம்" என்று சொல்லவும் பயமாக இருந்தது. அவ்வளவு மலிவாக அதைச் சொல்லிப் பழகியிருந்தார். வெகு நேரம் அப்படியே நின்றுவிட்டு, எல்லாரையும்போல வாங்கில் போய் இருந்தார்.

பின்னேரம் வார்டுக்குப் போனதும் இரத்தினம்மா கேட்டாள்: "சொன்னீங்களா?"

"சொன்னன்."

"ஏசினாங்களா?"

"கொஞ்சப் பேர். ஒரு தாய், என்ட பேச்சால ஊசிய விட்டிருக்கா. கால் புண்ணாக் கிடக்கு."

அவர் கட்டிலோரம் குனிந்தார். "ஜெபிக்கட்டா?"

"வேணாம். காலப் பிடிச்சி விடுங்க."

வீங்கிக் கிடந்த காலைப் பிடித்துவிட்டார். அழுத்தவா, மெல்லவா என்று கேட்டுக் கேட்டுப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒன்பதாம் நாள் காலை, அவர் சுடுதண்ணி வாங்கக் கன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் போனாள். பக்கத்தில் கேதீஸ்வரிதான் இருந்தாள். "அம்மா ஏதும் சொன்னவவா?" என்று தங்கராசா கேட்டார். "இல்லப்பா" என்றாள் மகள். சுடுதண்ணிப் போத்தல் அவர் கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதோடேயே நின்றார்.

மாங்கேணிச் சவக்காலையில் கடற்காற்று புழுதியை அள்ளி அடித்தது. பெட்டியின் எந்த மூலையை யார் பிடிப்பது, பாட்டு எங்கே நிற்பது, எப்போது இறக்குவது என்று அந்த ஊரின் ஒவ்வொரு அடக்கத்திலும் கைகாட்டி நடத்தியவர் அவர். வந்திருந்த இருபது முப்பது பேரும் அவருடைய கையைத்தான் பார்த்தார்கள்.

"பாஸ்டர், தொடங்குவமா?" என்றான் சிவதர்ஷன்.

"நீ தொடங்கு மனே."

"எனக்கு முழுக்கத் தெரியாதே. பிழை விட்டிட்டா?"

"விடு."

சிவதர்ஷன் பாட்டை எட்டாத சுருதியில் தொடங்கி, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கினான். ஜெபத்துக்கு முன்னமே பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டான். கயிறு ஒருபக்கம் சறுக்கியது. கூட்டத்தில் கிசுகிசுப்பு எழுந்தது. பின்னால் உறவுக்காரரோடு நின்ற தங்கராசாவின் வாய் ஒருதரம் திறந்தது, திறந்தபடியே மூடிக்கொண்டது. பதியுதீன் அவருடைய உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை அள்ளி வைத்தார். இப்போது போடுவதா, பொறுப்பதா என்று சிவதர்ஷன் இன்னும் சொல்லவில்லை. அவன் சொல்லட்டும் என்று, மண்ணைப் பிடித்துக்கொண்டு தங்கராசா நின்றார்.