பயிற்சிக் கட்டிலில் ஒரு நர்ஸ்

இந்த ஊரில் எந்த ஆபீஸ் படியேறினாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஐசி நம்பரைக் கேட்டுவிடுகிறார்கள். ஐசி என்றால் குடிமக்களின் அடையாள அட்டை. எனக்கு அது கிடையாது. மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் குடித்தனம் வைத்து ஒன்பது வருடமாகிறது. தண்ணீர் பில், போன், மகளின் பள்ளிக்கூடப் படிவம், எல்லாவற்றிலும் என் கணவர் சரவணன் தன் நம்பரையே எழுதிவிடுவார். கை அப்படிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் போன வருடம் என்னைக் கொண்டுபோய் ஒரு கட்டிலில் படுக்கவைத்தது.

நான் நர்ஸ். மதுரையில் அரசாங்க நர்சிங் பள்ளியில் படித்தவள். யூனிபார்ம் தைக்கக்கூட வழியில்லாத வீட்டிலிருந்து போன என்னை, விடுதியில் சேர்த்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைத்தது சர்க்கார். பரீட்சை முடிவு வந்த கையோடு கல்யாணம், வேலையில் சேரும் முன்பே விமானம். 'வெளிநாட்டு மாப்பிள்ளை, கொடுத்துவைத்தவள்' என்று வாயைப் பிளந்த தோழிகளே, கேளுங்கள். இங்கே நர்ஸாகப் பதிய வேண்டுமென்றால், ஊர் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்த சான்று வேண்டுமாம். ஊருக்குத் திரும்பி அதைச் சம்பாதிக்கலாமென்றால், மகளை யார் பார்ப்பது? கணவர் வாரத்தில் பாதி நாள் லாரியோடு ஜொகூர் சாலையில் கிடக்கிறார். அங்கேயும் போகமுடியாது, இங்கேயும் ஒன்றும் ஆகமுடியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு எத்தனை நாள் அழுதிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்படியிருந்தபோதுதான் ஒரு நோட்டீஸ் வந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பராமரிக்க, அரசாங்கச் செலவில் இலவசப் பயிற்சி. முடித்தால் முதியோர் இல்லங்களில் வேலை கிடைக்கும்.

"சும்மா போய்ட்டு வா லா" என்றார் சரவணன். "ஒனக்குத் தெரிஞ்ச வேலதானே. சேட்டிபிகேட்டு ஒன்னு இருந்தா பின்னாடி ஒதவும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடம் வார்டு வார்டாக நின்று படித்தவள், மறுபடி அனா ஆவன்னாவிலிருந்தா? ஆனாலும் ஒரு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிற ஆசை அந்த ரோஷத்தைத் தின்றுவிட்டது. விண்ணப்பப் படிவத்தை அவர்தான் நிரப்பினார்.

முதல் நாள் காலை, ஓய்வுபெற்ற மலாய் நர்ஸ் புவான் ரொஹானா ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். புவான் என்றால் மேடம் மாதிரி. என் முறை வந்ததும் கைகள் தாமாகவே வேலை செய்தன. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! "பண்டாய்!" என்றார் புவான். கெட்டிக்காரி என்று அர்த்தம். பிறகு வேகமாக ஏதோ கேட்டார். பாதி புரியாமல் தலையாட்டிவிட்டேன். நான் வீட்டில் சீக்காளி அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் என்று வகுப்பில் அறிவித்துவிட்டார். அதைத் திருத்த எனக்கு மலாய் போதவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதிவுப் பட்டியலோடு கிளார்க் ராஜு அண்ணன் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த ஐசில கடைசி நம்பரு ஒத்தப்படையா இருக்கு. ஆம்பளைக்குத்தான் அப்படி வரும். யாரோடது இது?"

"எங்க வீட்டுக்காரரோடது அண்ணே. பழக்கத்துல எழுதிட்டாரு."

"என்னாம்மா இது! கவர்மெண்டு காசுல நடக்குது. சிட்டிசனுக்கு மட்டும்தான்."

விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அண்ணன் நல்ல மனுஷர். பட்டியலில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டு, விஷயத்தை அதோடு விட்டுவிட்டார். பையை எடுத்தபோது புவான் அவரிடம் ஏதோ சொன்னார்.

"போகாதம்மா. பேஷன்ட்டா படுக்க ஒரு ஆளு வேணுமாம். அதுக்கு ஐசி வேணாம். மக்கான் உண்டு."

மக்கான் என்றால் சாப்பாடு. ஒரு நர்ஸைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நியாயமாக நான் வெளியே போயிருக்க வேண்டும். மானங்கெட்ட மனசு, படுத்தாவது அந்த அறைக்குள் இருக்கலாமே என்றது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினேன்.

பக்கவாத நோயாளி நான். வலப்பக்கம் அசையக்கூடாது, பேசக்கூடாது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த ஷாலினி என் தோளையும் இடுப்பையும் பிடித்து, ஒரே மூச்சில் வலப்பக்கமாகப் புரட்டினாள். முதலில் என் வலது கையை எடுத்து நெஞ்சில் வைக்க மறந்துவிட்டாள். என் ஊர் சர்க்கார் காசு போட்டுப் படிக்கவைத்த கை, இந்த ஊர் சர்க்கார் காசு போட்டு வாங்கிய கட்டிலில், என் உடம்புக்கே அடியில் நசுங்கிக் கிடந்தது. இழுத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத்தான் அந்தப் பக்கம் வராதே. புவான் கவனிக்கவில்லை. விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன.

"ஓகேவாக்கா?" என்றாள் ஷாலினி.

"நெஜமான பேஷன்ட்டுக்கு இதச் சொல்ல வாய் வராதும்மா" என்றேன். "மொதல்ல அந்தக் கையை எடுத்து நெஞ்சு மேல வை. அப்புறமா பொரட்டு."

வகுப்பே சிரித்தது. நோயாளி பேசுகிறதே! புவானும் சிரித்தபடி விரலை ஆட்டி, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

மல்லாந்து படுத்தேன். ஷாலினி இந்தத் தடவை மறக்கவில்லை. என் வலது கையை மெதுவாகத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்தாள். அது யாருடைய கையோ போல அங்கே கிடந்தது.