அம்பயரின் இரண்டு விரல்கள்

ஞாயிறு காலை, டெக்சஸின் ரிச்சர்ட்சன் பூங்கா. நண்பன் செந்திலைப் பார்க்க வந்த என்னையும் கிரிக்கெட்டுக்கு இழுத்துவந்துவிட்டான். தோற்கிற டீம் எல்லாருக்கும் பிரியாணி செய்யணும். பேட்டிங் டீம் ஆளே அம்பயர் என்பதால் ஓயாத சண்டை. கடைசியில், பெஞ்சில் வேடிக்கை பார்க்கும் ஆஸ்திரேலியப் பெரியவரை அம்பயராக நிறுத்துகிறார்கள். ஆஸ்திரேலியர் என்றால் கிரிக்கெட் தெரியாமலா இருக்கும்?

அவர் என்னிடம் மட்டும் சொல்கிறார்: “நான் ஆடினது எங்க ஊர்க் கால்பந்து. எழுபதுகள்ல, மெல்போர்ன்ல. முழங்கால் போச்சு, ஆட்டமும் போச்சு. அதுல அடுத்தவன் தோள்ல ஊன்றி எம்பிகூட பந்தைக் கையால பிடிக்கலாம்; பிடிச்சா, நிதானமா கோலுக்கு உதைக்கலாம்.”

செந்தில் தூக்கி அடிக்கிறான். பௌலர் கேட்சுக்குக் கை நீட்டி நிற்க, பெரியவர் அவன் தோளில் கை ஊன்றி எம்பி, பந்தைப் பிடித்தேவிடுகிறார். பின்னால் நகர்ந்து, இரண்டு மரங்களுக்கு நடுவே உதைக்கிறார். பிறகு இரு ஆள்காட்டி விரல்களையும் நீட்டுகிறார்.

பௌலர் டீம் துள்ளிக் குதிக்கிறது.

“அம்பயரே பிடிச்சா எப்படி அங்கிள் அவுட்?” என்கிறான் செந்தில்.

“அவுட்டுன்னு யார் சொன்னது?” மூச்சு வாங்கச் சிரிக்கிறார் பெரியவர். “எங்க ஆட்டத்துல ரெண்டு விரல் நீட்டினா, கோல்.”