கையில் ஏறாத வளையல்

கர்ப்பிணியின் பிரஷரை அளப்பது எளிது. அவளுக்குப் பதிலாகப் பேசும் வீட்டைச் சமாளிப்பதுதான் கிராம நர்ஸ் வேலை. திண்டிவனம் பக்கம் என்னோடு பிரஷர் பட்டையும் பையுமாக அலைந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா.

முதல் கேள்வி

பெருமுக்கல் அருகே ஒரு வீட்டில் ஸ்டெல்லாவுக்கு முதல் கர்ப்பம். முதல் பிள்ளை, கனத்த உடம்பு. பிரஷருக்கு இடம் கொடுக்கும் இரண்டையுமே கர்ப்பிணி அட்டையில் குறிக்க வேண்டும். குறித்தேன். அவளைப் பெற்ற அன்றே அம்மா இறந்துவிட்டாளாம். வலிப்பு வந்ததா என்று கேட்டேன். வளர்த்த சித்தி முந்திக்கொண்டாள்: "மஞ்சக்காமாலைங்க. எங்க வம்சத்துல பிரஷர்னா என்னான்னே தெரியாது, எழுதிக்கோங்க."

கருவியின் குற்றம்

ஒன்பதாம் மாதம் பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டியது. உட்காரவைத்து மறுபடி பார்த்தேன்; இறங்கவில்லை. உடனே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மாமியார் முதலில் வெயிலைக் குறை சொன்னாள், பிறகு என் பையைப் பார்த்தாள்.

"நாளைக்கு வளைகாப்பு வெச்சிக்கினு ஆஸ்பத்திரிக்கா? உங்க மெஷினுக்குத்தான் வயசாயிடுச்சி நர்சம்மா, அதைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

பூரிப்பு

மறுநாள் அழையாமலே போனேன். போன மாதம் அளவு பார்த்து வாங்கிய வளையல் ஸ்டெல்லாவின் கையில் ஏறவில்லை. பூரிப்பு என்றார்கள். சோப்பு தடவினார்கள். நான்கு வளையல் உடைந்தது; ஒருத்திக்கும் அந்த வீங்கிய கை கண்ணில் படவில்லை.

"தல வலிக்குது சித்தி. நீ ரெண்டு ரெண்டா தெரியற" என்றாள் ஸ்டெல்லா.

சித்தியின் கையிலிருந்த தட்டு நழுவியது. "எங்க அக்காவும் இதையேதான் சொல்லிச்சி. அப்புறம்தான் வலிப்பு வந்து இழுத்துக்கிச்சி. சொன்னா கல்யாணம் நின்னுடும்னு மறைச்சிட்டேங்க."

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அது வாசலில் வந்து நின்றபோது மாமியார் சொன்னாள்: "போட்டோக்காரர் வந்துக்கினே இருக்காரு. ஒரு பத்து நிமிசம் நர்சம்மா."

புது அட்டை

வலிப்பு வருவதற்குள் மருந்து ஏறியது. ஆபரேஷனில் பெண் குழந்தை. எடை குறைவு, அழுகைக்குக் குறைவில்லை. மூன்று நாள் மாமியார் சித்தியை வார்டே கேட்க வைதாள், மறைத்துக் கழுத்தறுத்தவள் என்று.

நான்காம் நாள் குழந்தையின் அட்டையை எழுத உட்கார்ந்தேன். "எங்கம்மாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, ரெண்டையும் எழுதுங்க. நாளைக்கு இவளுக்கு வேணும்" என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் திறக்காமல். எழுதினேன். மாமியார் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பொட்டப்புள்ள அட்டை நர்சம்மா. அதை அடிச்சிடுங்க. நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்க வாணாமா?"

ஆகவே, கர்ப்பகால பிரஷருக்கு யாரைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலில் முதல் பிள்ளை, கனத்த உடம்பு, தாய்க்கு வந்த வலிப்பு இவற்றுக்குக் கீழே என் கையால் நான் சேர்த்து வைத்திருப்பது, கல்யாணப் பேச்சு.