விராலை விட்டவர்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் என் அடுத்த வீட்டுக்குக் குடிவந்திருந்தார் ஓய்வுபெற்ற ஒரு மாஜிஸ்திரேட். குளத்துக்குப் போனாலும் கோட்டையும் தலைப்பாகையையும் கழற்ற மாட்டார். உயிருள்ள கெண்டைக்குஞ்சைத் தூண்டிலில் கோத்து விரால் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குஞ்சு பிடிக்க வீச்சுவலை வாங்கத் தென்காசிக்குப் போனோம்.

“சின்னக் கண்ணு வலையா எடுங்கய்யா. அதுலதான் குஞ்சு நிக்கும்,” என்றேன்.

“கொசுவலை மாதிரில்லா இருக்கு. நான் வீசுதத நாலு பேரு பாக்கணும்வே,” என்று பெரிய கண் வலையை வாங்கினார்.

மறுநாள் காலை குளத்தில் வீசினார். வலை வட்டமாக அழகாகவே விரிந்து விழுந்தது. இழுத்தபோது குஞ்சுகளெல்லாம் கண் வழியே ஓடிவிட, முழங்கை நீள விரால் ஒன்று உள்ளே துள்ளியது. அன்று மீன்குழம்புக்கு என்னையும் அழைத்திருந்தார். நான் ஆவலோடு கூடையை நீட்டினேன். அவரோ விராலைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

“என்னய்யா, இதுக்குத்தான வந்தோம்?”

“இரை பிடிக்கத்தானவே வலை வீசினேன். விரால தூண்டில்லதான் பிடிக்கணும்.”

வீட்டில் அவர் மனைவி மசாலா அரைத்து வைத்திருந்தார். “மீன் எங்க?” என்று கேட்டார்.

“இரை கிடைக்கல,” என்றார் அவர்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வெறும் ரசத்தை அவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்ட ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.