ஜெரோம் மாஸ்டரோட இடது கண்ணு

ராஜகீழ்ப்பாக்கத்துல கார் ஓட்டக் கத்துக்கிட்டவங்க யாரையாச்சும் புடிச்சு, ஜெரோம் மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டுன்னா, உடனே மூக்கால ஆரம்பிச்சிடுவாங்க. "கிளட்ச்சு... கிளட்ச்சு... அம்மாடி, அது பிரேக்கும்மா. ரோடு இன்னா உங்கப்பா வாங்கிப் போட்டதா, நடுவுல நிக்கிற?" கடைசியா ஒண்ணு கண்டிப்பா வரும்: "லெஃப்ட்டை நான் பாத்துக்கறேன். நீ நேரா பாரு."

அதான் அவரோட பாணி. மத்த டிரைவிங் ஸ்கூல்ல எல்லாம் மொத நாளே எல்லாக் கண்ணாடியையும் பாருன்னு உயிரை எடுப்பாங்க. புதுசா ஓட்டறவங்களுக்குப் பயமே இடது பக்கம்தான்; கை நுழையற சந்து கிடைச்சாலும் ஸ்கூட்டர் நுழைஞ்சிடும். அதனால அந்தப் பக்கத்தை ஜெரோம் எடுத்துக்குவாரு. இடது சீட்டுல உக்காந்து, அங்க தனியா வெச்சிருக்கிற பிரேக்குல ஷூவை வெச்சுக்கினு, "லெஃப்ட் கிளியர்"ம்பாரு. சொன்னா கண்ணை மூடிக்கினு திருப்பலாம்.

அந்த இடது கண்ணுதான் இப்ப மக்கர் பண்ணுது.

வெயில்லேர்ந்து காருக்குள்ள ஏறினா வலது கண்ணு சட்டுனு பழகிடும். இடது கண்ணுல மட்டும் பிளாஷ் அடிச்ச மாதிரி ஒரே வெள்ளை, போகவே போகாது. சில நாள் ஷட்டரை இழுத்து வுட்ட மாதிரி இருட்டிட்டு, கொஞ்ச நேரத்துல தானா தூக்கிக்கும். புருவத்துல மந்தமா ஒரு வலி, படுத்தா குறையும்.

கண்ணாடிக் கடைக்காரர், "பவர் ஏறியிருக்கு சார், மாத்திடலாம்"னாரு. மாத்தியாச்சு. மருந்துக் கடையில சொட்டு மருந்து குடுத்தாங்க. விட்டாச்சு. சலூன்காரர்தான் கண்டுபுடிச்ச மாதிரி சொன்னாரு: "நாள் பூரா ஒரே பக்கம் திரும்பித் திரும்பி நரம்பு புடிச்சுக்கினு கீது மாஸ்டர்." தாடையைப் புடிச்சு, ரெண்டு பக்கமும் 'படக் படக்'னு நெட்டி எடுத்தாரு. அந்தச் சத்தமே ஜெரோமுக்கு மருந்து சாப்ட்ட மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா சலூன்தான்.

சம்சாரம் கிறிஸ்டினா கண் டாக்டருன்னு வாயைத் தொறந்தாலே, "போனா ஓட்டாதேம்பான். ஓட்டாம உன்கூட உக்காந்து பூண்டு உரிக்கட்டுமா?"ன்னு எகிறுவாரு.

கோவிலம்பாக்கத்துலேர்ந்து சபீஹான்னு ஒரு ஸ்கூல் டீச்சர் கத்துக்க வந்துகினு இருந்தாங்க. அன்னிக்கு சாயங்கால வெயில் நேரா கண்ணாடியில அடிக்குது. வேளச்சேரி ரோட்டுலேர்ந்து இடது பக்கம் ஒரு தெருவுக்குள்ள திருப்பணும். அந்த நேரம் பாத்து ஷட்டர் விழுந்துச்சு. ஜெரோமுக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. நில்லுன்னு சொல்லியிருக்கலாம், தலையை முழுசாத் திருப்பி வலது கண்ணால பாத்திருக்கலாம். வாய் பழக்கத்துல "லெஃப்ட் கிளியர்"னுடுச்சு.

சபீஹா திருப்பினாங்க. டமால்.

வாட்டர் கேன் ஏத்தின மூணு சக்கர மீன்பாடி வண்டி. கேனுங்க ரோடு பூரா உருண்டுச்சு. வண்டிக்காரர் சிராய்ச்ச முழங்கையைத் தூக்கிக் காட்டினாரு. "யோவ் மாஸ்டரு, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? மாட்டு வண்டி சைசுல வர்றேன், தெரியல?"

ஜெரோம் அவரை வுட்டுட்டு சபீஹா பக்கம் திரும்பினாரு. "ஸ்டீயரிங்கை அப்படியா ஒடிப்பாங்க? உனக்கெல்லாம் எதுக்கும்மா காரு?"

சபீஹா இன்னும் ஸ்டீயரிங்கை விடல. "நீங்க கிளியர்னு சொன்னீங்க மாஸ்டர்."

"சொன்னா? நீ பாக்க மாட்ட?"

"நேரா பாருன்னுதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஜெரோம் கதவைத் தொறந்து எறங்கி கேனைப் பொறுக்கப் போயிட்டாரு. மறுநாள் சபீஹா கிளாசுக்கு வரல. ஜெரோம் தானாவே கிறிஸ்டினாகிட்ட, "கெளம்பு, டாக்டரைப் பாத்துத் தொலைக்கலாம்"னாரு.

தாம்பரத்துல கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, உக்கார வெச்சு, லைட் அடிச்சுப் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க: "கண்ணுக்கு ரத்தம் சரியா போகல. கழுத்துல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

"டாக்டரம்மா, கண்ணு இங்க கீது."

அவங்க சிரிக்கல. "ரத்தம் கழுத்து வழியாத்தான சார் மேல வரணும்? மாடிக்குத் தண்ணி ஏறலன்னா மாடிக் குழாயை மட்டும் மாத்துவீங்களா? சிகரெட் உண்டா?"

"எப்பனா ஒண்ணு."

"எப்பனா ஒண்ணு இல்லாம இருப்பாரு டாக்டர்"னாங்க கிறிஸ்டினா.

"கழுத்துல நெட்டி எடுக்கிற பழக்கம்?"

"ஞாயித்துக்கிழமை..."

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "இன்னியோட விட்டுடுங்க. ரத்தக் குழாய்ல படிஞ்ச கொழுப்பு பேந்துபோய் மூளையில அடைச்சா கை கால் விழுந்துடும்."

கழுத்துல ஜில்லுனு ஜெல்லைத் தடவி ஸ்கேன் எடுத்தாங்க. இடது பக்கக் குழாய் முக்கால்வாசிக்கு மேல சுருங்கிக் கெடக்கு. அதை ஆபரேஷன் பண்ணணும், கண்ணுக்குத் தனியா லேசர் வைக்கணும், இனிமே வண்டி கூடாதுன்னாங்க டாக்டரம்மா.

"பண்ணா பார்வை வந்துடுமா?"

"போனது வரும்னு சொல்ல முடியாது சார். பக்கவாதம் வராம தடுக்கத்தான் முக்கியமா இது."

வெளிய வந்ததும் வெடிச்சாரு. "கண்ணுன்னு வந்தா கழுத்தைப் பாக்கறாங்க. கழுத்தைப் பண்ணா மூளைக்குங்கறாங்க. என் கண்ணை எவன்தான்டி பாக்கறான்?"

"நீங்கதான் பாக்கல"ன்னுட்டு கிறிஸ்டினா ஆட்டோவைக் கைகாட்டினாங்க.

டிரைவிங் ஸ்கூல் ஓனர் பர்வேஸ் பாய், எல்லாத்தையும் கேட்டுட்டு டீயை உறிஞ்சினாரு. "அந்த டீச்சர் போன் பண்ணுச்சுப்பா. எனக்கு இது வராது, வுட்டுடறேன்னுது. நாம கொஞ்சம் அடக்கி வாசிப்போம். நீ ஆபரேஷன் முடிச்சுட்டு வந்து உக்காரு. ஒரு கண்ணு கீது, காலு பிரேக்குல கீது, எவனுக்குத் தெரியப் போகுது?"

ஜெரோமுக்கு அது இனிக்கத்தான் செஞ்சுது. ஆனா அந்தப் பொண்ணு இனிமே ஸ்டீயரிங்கையே தொடாதுன்னு நெனச்சப்ப எரிச்சல் இன்னும் ஏறிச்சு.

"போனைப் போடு பாய்."

சபீஹா எடுத்தாங்க.

"ஜெரோம் பேசறேம்மா. அன்னிக்கு எனக்கு அந்தப் பக்கம் தெரியல. தெரியாமயே சொல்லிட்டேன். நீ ஒழுங்காத்தான் ஓட்டின. நாளைலேர்ந்து வா, வேற மாஸ்டர் இருப்பாரு."

"அப்போ நீங்க?"

"நான் வரமாட்டேன்."

"எப்ப வருவீங்க மாஸ்டர்?"

"வரமாட்டேன்னு தமிழ்லதான சொல்றேன்"னு கத்திட்டு, போனை மேஜை மேல வெச்ச வேகத்துல பாயோட டீ பாதி சாசர்ல கெடந்துச்சு.