ஏழாம் எண் அறையின் போர்வை

ட்ரூடி பிராவண்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. ஹோன்வாங் கிராமத்தில் அவள் நடத்தும் எட்டு அறை விடுதியில், விருந்தாளிகள் கண் விழிப்பதற்கு முன்பே ரொட்டி வெந்து மேஜைக்கு வந்துவிடும். அவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியதும் இவள் மேலே ஏறி, இறகுப் போர்வைகளை உதறி, ஒவ்வொரு ஜன்னலிலும் வெயிலுக்குத் தொங்கவிடுவாள். பிறகு முற்றத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள். ஒரு போர்வை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் திரும்ப மாடியேறிச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை.

"பனிமலையைப் பார்க்க உலகமே இங்க வருது. நீ என்னடான்னா மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போர்வையைப் பார்க்கற" என்பான் மெல்க். அவள் சித்தப்பா மகன். ஊருக்கு ஏறி இறங்கும் கேபிள் காரை ஓட்டுபவன். கார்கள் வராத அந்த ஊரில், வைக்கோலையும் விருந்தாளிகளின் பெட்டிகளையும் தன் குட்டி டிராக்டர் வண்டியில் மேலே கொண்டுவந்து சேர்ப்பவனும் அவனே.

"மலை எங்கயும் போகாதுடா. போர்வைதான் காத்துல பறந்து போகும்" என்பாள் ட்ரூடி.

அந்தக் கோடையில் ஏழாம் எண் அறையின் ஜன்னலில் மட்டும் போர்வை தொங்கவில்லை. முப்பது வருடங்களாக, ஜூலை மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் அந்த அறை ஓஸ்கர் வெட்ஸ்டைனுடையது. சூரிச் ஏரிக்கரையில், தால்வில் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர். முதலில் மனைவி கிளாராவோடு வந்தார். கிளாரா காலமான பிறகு தனியாக வந்தார். பால்கனியில் உட்கார்ந்து பிளம்ஸ் பழப் பணியாரத்தை ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். சில வருடங்களுக்கு ஒருமுறை ட்ரூடிக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவருவார்; அளவு ஒருநாளும் தப்பியதில்லை. காலஞ்சென்ற கணவன் எர்ன்ஸ்டுக்குக்கூட அவளுடைய கால் அளவு தெரியாது.

அப்படிப்பட்ட மனிதர் அந்த வசந்தத்தில் ஓர் அஞ்சலட்டை எழுதிப்போட்டார்: இந்த வருடம் வரத் தோதுப்படவில்லை, வணக்கம். காரணம் எதுவும் இல்லை. ட்ரூடி அந்த அறையை வேறு யாருக்கும் விடவில்லை. ஜூலையில் அறை கேட்டு அலைமோதியவர்களிடம் "நிறைஞ்சு போச்சு" என்று முகம் மாறாமல் சொன்னாள். தூசியே விழாத அறையைத் தினமும் துடைத்தாள்.

காரணம் தனக்குத் தெரியும் என்று அவளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் எல்லோர் முன்னாலும், சாப்பாட்டு மேஜையில், "உங்க குறட்டையில எட்டாம் நம்பர்காரங்க தூங்கவே இல்லையாம், வெட்ஸ்டைன் சார்" என்று சொல்லித் தொலைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மனிதர்கள் சிரிக்கும்போதுதானே புண்படுகிறார்கள். ஒரு வாய்த் துடுக்கினால் முப்பது வருட மனிதரை இழந்துவிட்டேனா என்று அந்தக் கோடை முழுவதும் மருகினாள்.

ஜூலையில் இன்னொரு சங்கதியும் இருந்தது. காலையில் போர்வை உதறும்போது, பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம், எக்லி ஊரின் பெரிய ஹோட்டலிலிருந்து பளிச் பளிச்சென்று ஏதோ மின்னியது.

"எவனோ பைனாகுலர்ல பார்க்கறான். உன்னைப் பார்த்து மலையாடுன்னு நெனச்சிருப்பான்" என்றான் மெல்க். ஒரு ஈரத்துணி பறந்து போய் அவன் முகத்தில் விழுந்தது.

அக்டோபர் கடைசியில் விடுதியைச் சாத்திவிட்டு, மலைப் பாலாடைக்கட்டியில் ஒரு பெரிய துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கேபிள் காரில் ஏறினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தால்வில்."

"வரேன்னு சொல்லிட்டியா?"

"இல்ல."

மெல்க் விசில் அடித்தான். "சொல்லாமகொள்ளாம ஒரு சூரிச்காரர் வீட்டு மணியை அடிக்கப் போறியா? போலீசைக் கூப்பிடுவாரு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விடைபெறும் ஒவ்வொரு விருந்தாளியும் "எங்க ஊர்ப்பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க" என்பார். யாரும் மனதார அழைப்பதில்லை, யாரும் போவதுமில்லை. அந்த நாட்டில் நாள் குறிக்காமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பது ஏறக்குறைய சுவரேறிக் குதிப்பதற்குச் சமம்.

ரயில் பிரியென்ஸ் ஏரியை ஒட்டிப் போனது. எதிரே இருந்தவர்கள் தண்ணீரின் பச்சையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். ட்ரூடி கரையோர ஹோட்டல்களின் திரைச்சீலைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கணவாயைத் தாண்டி லூசெர்னில் வண்டி மாறும் இடைவெளியில் மரப்பாலம்வரை நடந்தாள். வெளிநாட்டு ஜோடி ஒன்று அவள் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணின் கழுத்துத்துணி ஒருபக்கம் இழுத்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் ட்ரூடியால் படம் எடுக்க முடியவில்லை. ஏரியும் மலையும் படத்தில் விழுந்தனவோ இல்லையோ, கழுத்துத்துணி நேராக விழுந்தது.

சூரிச்சிலிருந்து ரயிலிலேயே போயிருக்கலாம். வேண்டுமென்றே படகில் ஏறினாள்; படகு மெதுவாகப் போகும். மேல்தளத்தில் ஆறிப்போன காப்பியை வைத்துக்கொண்டு, வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் நகர்வதைப் பார்த்தபடி ஒத்திகை பார்த்தாள். கோபமென்றால் மன்னிப்புக் கேட்கலாம். நோயென்றால் சூப் வைத்துக் கொடுக்கலாம். மணியடித்து வேறு யாராவது கதவைத் திறந்து, "அவரு இப்ப இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டால்? பயமாக இருந்தது.

கதவைத் திறந்தது அவர்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வீட்டுக் கம்பளிச் சட்டையில், அதிர்ந்துபோய் நின்றார்.

"பிராவண்ட் அம்மா! விடுதிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"விடுதி அப்படியேதான் இருக்கு. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க வந்தேன். உள்ள வரலாமா, இல்ல இப்படியே படியில நிக்கட்டுமா?"

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அந்தக் கைத்தடி அவளுக்குத் தெரிந்ததுதான். தான் போன மலை ஊர்களிலெல்லாம் வாங்கிய சின்னத் தகடுகளை அதில் வரிசையாக ஆணியடித்து வைத்திருப்பார். எல்லாம் தேய்ந்து மங்கிக் கிடந்தன. கைப்பிடிக்குக் கீழே ஒன்று மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். எக்லி.

"எக்லியா?" அவள் குரல் மாடிப்படிவரை கேட்டது. "எங்களுக்கு எதிர்ப்பக்கமே போய்த் தங்கினீங்களா? குறட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

"குறட்டையா? எந்தக் குறட்டை?" அவர் நிஜமாகவே விழித்தார். "கிளாராவும் சாகிறவரைக்கும் அதைத்தான் சொன்னா. நான் ஒருநாளும் நம்பினதில்ல."

"அப்போ ஏன்?"

அவர் நாற்காலியில் மெல்ல இறங்கினார். முழங்காலை மடக்கும்போது முகம் சுளித்ததை அவள் பார்த்தாள். கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

"கேபிள் கார்லேருந்து உங்க வாசல்வரைக்கும் அந்த ஏத்தம் இருக்கே. போன வருஷமே வழியில நின்னு நின்னுதான் வந்தேன், பூ பார்க்கற மாதிரி. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் மலையேற பூட்ஸ் வித்தவன், என்னால ஏற முடியலன்னு எப்படிச் சொல்றது? எக்லில ரயில் நிக்கற இடத்துலயே ஹோட்டல். லிஃப்ட் இருக்கு. சூப்தான் வாயில வைக்க முடியல."

சூப்பைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் ஜன்னலோரம் கிடந்த பைனாகுலரை எடுத்துத் துடைத்தார்.

"அந்த ஹோட்டல் பால்கனிலேருந்து உங்க வீடு நல்லாத் தெரியும். தினம் காலைல பார்ப்பேன். ஜன்னல் ஜன்னலாப் போர்வை வெளிய வரும். ஏழாம் நம்பர்ல வராது. யாராவது வந்துட்டாங்கன்னா எனக்கு நிம்மதி. சரி, நம்ம இடம் போச்சு, கிழவன் கதை அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கலாம். ஒருநாள்கூட அந்தப் போர்வை தொங்கலம்மா. எனக்காகச் சும்மா வெச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த முகத்தோட உங்களுக்கு எழுதறது?"

ட்ரூடிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள்.

"மூணு வாரம் எதிர்லயே உட்கார்ந்திருந்தீங்க. ஒரு தடவை கையை அசைச்சிருக்கக் கூடாதா?"

"அசைச்சேனே. உங்ககிட்டதான் பைனாகுலர் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, விடுதிக்காரியின் குரலுக்குத் திரும்பினாள். "வர்ற ஜூலை. மெல்க்கோட வண்டி கேபிள் கார் வாசல்ல நிக்கும். ஏறி உட்காருங்க."

"வைக்கோல் வண்டியிலயா? மூட்டை மாதிரியா?"

"எங்க ஊர்த் தலைவரோட மாமியாரே அதுலதான் போறாங்க. நீங்க என்ன அவங்களைவிடப் பெரிய ஆளா? பணியாரம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றார் வெட்ஸ்டைன்.

ஜூலையில் அவர் வந்தார். ட்ரூடி தன் வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியைத் தூக்கி வண்டியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். தொப்பியும் கோட்டுமாக அதில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு செருப்புப் பெட்டியோடு. "வழி விடுங்க, வழி விடுங்க! சூரிச் செருப்புக்கடை வருது!" என்று மெல்க் ஊரையே கூட்டினான். முதல் வளைவில் அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது வளைவில், வேலியோரம் நின்றவர்களுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

மறுநாள் காலை ட்ரூடி மாடியேறுவதற்கு முன்பே முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மற்ற ஜன்னல்கள் இன்னும் வெறுமையாக இருந்தன. ஏழாம் எண்ணில் மட்டும் போர்வை தொங்கியது. அவரே போட்டிருக்கிறார். ஒரு முனை மேலே சுருண்டிருந்தது, இன்னொரு முனை கீழ் ஜன்னல்வரை வழிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பைனாகுலரும் கையுமாக நின்று எக்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன தெரியுது?" என்று கத்தினாள்.

"என் பழைய ஜன்னல்ல போர்வை தொங்குது. வேற யாரோ வந்துட்டாங்க."

ட்ரூடியின் கை தானாக இடுப்புக்குப் போனது. கால் மாடிப்படியை நோக்கி ஓர் அடி வைத்து நின்றது. பிறகு அவள் சமையலறைக்குள் போய்க் காப்பி போட ஆரம்பித்தாள். அன்று முழுவதும் அந்தப் போர்வை கோணலாகவே தொங்கியது.